நெல்லூரிலிருந்து நிறுத்தாமல்

கோடை விடுமுறைப் பயணம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் எடுத்து வைப்பது துணிமணி அல்ல, பழைய செய்தித்தாள். சின்னவளுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. தாளை நாலாக மடித்து உட்காரும் இடத்தில் போட்டால் வாந்தி வராது என்பது என் மனைவியின் நம்பிக்கை. அதோடு மோந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம், வாயில் அடக்கிக்கொள்ள இரண்டு கல்லுப்பு, பிளாஸ்டிக் பை ஒரு கட்டு. இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் வண்டி கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் அவள் வாந்தி எடுத்துவிடுவாள்.

வாந்தி எடுப்பது அவள், கத்துவது நான். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எனக்கு வேறொரு புத்தி வந்துவிடும். எட்டு மணி நேரத்தில் போகிற தூரத்தை ஏழு மணி நேரத்தில் போய்விட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன சுகமோ, எனக்கு அது பெரிய சுகமாக இருந்தது. பெட்ரோல் போட ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒருமுறை, அவ்வளவுதான் நிறுத்துவேன். தண்ணீர் கேட்டால் திட்டு, ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் திட்டு. போன வருஷம் சீட் கவர் பாழானபோது ரோட்டோரத்தில் இறங்கி நின்று, "இனிமே இவள எங்கயும் கூட்டினு வரமாட்டேன்" என்று அவள் காதில் விழும்படியே சொன்னேன். கோபத்தில் சொன்னது. பத்து நிமிஷத்தில் நான் மறந்துவிட்டேன்.

எங்களுக்கு வீடு பொம்மையார்பாளையத்தில். அந்த வருஷம் போனது நெல்லூருக்கு, மனைவியின் அக்கா வீட்டுக்கு. எனக்கு, மனைவிக்கு, பதினாலு வயதுப் பெரியவளுக்கு, எட்டு வயதுச் சின்னவளுக்கு என்று ஆளுக்கொரு பை. கிளம்புவதற்கு முந்தின நாள் நான்தான் மருந்துக் கடையில் வாந்தி மாத்திரை வாங்கினேன். பத்து மாத்திரை உள்ள அட்டை. சின்னப் பிள்ளை என்றால் பாதி போதும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். மனைவிக்கு அந்த மாத்திரையே பிடிக்காது. பெரியவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது அதைப் போட்டுவிட்டு நாள் முழுக்கத் துவண்டு கிடந்தாளாம். "ரொம்ப முடியலன்னா மட்டும்தான், அதுவும் நான்தான் குடுப்பேன்" என்று சொல்லி அட்டையைத் தன் கைப்பையின் ஓரத்து ஜிப்பில் வைத்துக்கொண்டாள்.

போகும்போது நாலு தடவை வாந்தி, அப்போதும் மனைவி அட்டையைத் தொடவில்லை. நாலு தடவையும் என் வாய் சும்மா இருக்கவில்லை. நெல்லூரில் ஆறு நாள் சின்னவள் துள்ளிக் குதித்துத் திரிந்தாள். கிளம்புகிற அன்று காலையில் அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். பெரியம்மா வீட்டை விட்டு வர மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கேளம்பாக்கத்தில் சாப்பிட நிறுத்தினோம். அதுவரை காலியாக இருந்த வயிற்றோடு வந்ததால் அவள் தப்பித்திருந்தாள். இனி சாப்பிட்டுவிட்டு ஏறினால் நிச்சயம் எடுப்பாள். மறுநாள் காலை எனக்கு வேலைக்குப் போயாக வேண்டும், இருட்டுவதற்குள் வீடு சேரவேண்டும். சின்னவளைப் பெரியவள் கை கழுவ அழைத்துப் போயிருந்தாள். மனைவி கவுண்டரில் பார்சலுக்காக நின்றாள். கைப்பை என் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

ஜிப்பைத் திறந்து அட்டையை இழுத்து, பார்க்காமலே ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தேன். பாதியாக உடைக்கத்தான் பார்த்தேன். கரண்டிக்கு அடியில் அது பொடிந்துபோனது. பொடியில் எது பாதி என்று யார் பிரிப்பது? முழுசையும் அவளுடைய மாம்பழ ஜூஸில் கொட்டிக் கலக்கினேன். பாதிக்குப் பாதி வேலை, முழுசுக்கு முழு வேலை என்றும் ஓர் எண்ணம் ஓடியது, ஒளிப்பானேன். அவள் வந்து உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக் குடித்தாள்.

அதற்கப்புறம் வந்த ஒன்றரை மணி நேரம் நான் கார் வாங்கிய நாளிலிருந்து அனுபவிக்காத நேரம். பாட்டுப் போட்டேன், கூடவே முணுமுணுத்தேன். சின்னவள் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். "பாத்தீங்களா, இந்த எலுமிச்சம்பழம் நல்ல பழம்" என்றாள் மனைவி. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மரக்காணம் உப்பளம் கண்ணில் பட்டால் வீடு வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குக் கணக்கு. ரோட்டின் பக்கத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். சின்னவள் எங்கிருந்தாலும் அப்போது எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடுவாள். அன்றைக்கு உப்பளம் வந்து, ரோடு அகலப்படுத்தும் வேலைக்காக ஒருபக்கப் போக்குவரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்களுக்கு முன்னால் முப்பது வண்டியாவது இருக்கும். எரிச்சலில் நான் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"ம்மா, இவ எந்திரிக்க மாட்றாம்மா" என்றாள் பெரியவள்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தொடையில் தட்டினாள். பிறகு முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்பக்கம் ஏறி அவளை மடியில் போட்டுக் கன்னத்தில் அடித்தாள். சின்னவளின் தலை ஒருபக்கமாகச் சரிந்தது. வாயோரம் எச்சில் ஒழுகிச் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

"தூங்கறா, வுடு. அரை மணி நேரத்துல வூடு வந்துரும்."

சொன்னது நான்தான். ஜூஸ் டம்ளர் கண் முன்னால் நின்றது. தூக்கம்தான், தூக்கம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போனால் தானாகத் தெளிந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. என் புத்தி அந்த நேரத்திலும் அப்படித்தான் போனது.

மனைவி கதவைத் திறந்து குழந்தையோடு இறங்கிவிட்டாள். ரோட்டோரத்தில் உப்பு லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் நிழலில் மூட்டை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்கள் அவள் போட்ட சத்தத்தில் ஓடிவந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் போலிருந்த ஓர் அம்மாள் சின்னவளின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது தொப்பென்று விழுந்தது.

"தூங்கற புள்ள கை இப்டி வுழாதும்மா. இன்னா குடுத்தீங்க புள்ளைக்கு?"

"ஒண்ணும் குடுக்கலியே, ஓட்டல்ல சோறு சாப்ட்டா, அவ்ளோதான்" என்று அழுதாள் மனைவி. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் குடுக்கலிங்க" என்றேன் நானும்.

"அப்போ வெயில்தான். எங்க அளத்துல இது மாரி எத்தினி பேரு சுருண்டு வுழுந்துக்கீறாங்க. படுக்க வையி."

உப்பளத்து வெயிலில் வருஷம் முழுக்க நிற்கிறவர்களுக்கு மயக்கம் என்றால் முதலில் வெயில்தான் நினைவுக்கு வரும். அவர்கள் மேல் என்ன தப்பு? லாரி நிழலில் சாக்கை விரித்தார்கள். ஒருத்தி துண்டை நனைத்து மார்பில் போட்டாள், ஒருத்தி உள்ளங்காலைத் தேய்த்தாள். பெரியவள் செய்தித்தாளை எடுத்து விசிறினாள். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் போனது. எல்லாரும் வெயிலுக்கு வைத்தியம் பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று துண்டு பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் தூக்குச்சட்டியில் இருந்த நீர்மோரை டம்ளரில் ஊற்றி, ஒரு கல் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். "வாயத் தொற. ரெண்டு மடக்கு உள்ள போனா எந்திரிச்சிக்கும்" என்றார். மனைவி குழந்தையின் தாடையைப் பிடித்து வாயைப் பிளந்தாள். தலை அப்படியே பின்னால் தொங்கியது. விழுங்கத் தெரியாத வாய் அது. ஊற்றினால் நேரே மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். டம்ளர் உதட்டைத் தொட்டுவிட்டது.

"ஊத்தாதீங்க! ஐயோ ஊத்தாதீங்க! நான் மாத்திரை குடுத்துருக்கேன்!"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. பதினாறு வருஷத்தில் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள், அப்படிப் பார்த்ததில்லை.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று அந்த அம்மாள் டம்ளரைத் தரையில் வீசினார். அவ்வளவு நேரம் போட்ட மரியாதையெல்லாம் போய்விட்டது. போகட்டும், அதற்கு நான் தகுதியானவன்தான். அடுத்த நொடி அவர் நடுரோட்டுக்கு ஓடிவிட்டார். "டேய், கொடியக் காட்டு, அந்தப் பக்கம் நிறுத்து! புள்ள மயக்கமா கீது!" கொடி பிடித்து நின்ற ஆள் எதிர் வரிசையை நிறுத்தினார். மற்ற பெண்கள் கையை விரித்துக்கொண்டு வண்டிகளை ஓரம் கட்டவைத்தார்கள். மனைவியும் பெரியவளும் குழந்தையை அள்ளிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்கள். முப்பது வண்டியையும் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு நான் ஓட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை, அவ்வளவு மெதுவாகப் போன மாதிரி தோன்றியதும் இல்லை.

ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். மூச்சைப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார். "என்ன மாத்திரை? எத்தனை?" என்றார். மனைவி கைப்பையைத் திறந்து அட்டையை நீட்டினாள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல ரெண்டு மாத்திரை இல்லியே."

"ஒண்ணுதாங்க குடுத்தேன்" என்றேன்.

"சார், ரெண்டு காலியா இருக்கு."

"ஒண்ணுதாங்க. சத்தியமா ஒண்ணுதான்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்பவும் பொய்யா? அங்க அந்தம்மா கேக்கும்போதும் ஒண்ணும் குடுக்கலன்னுதான சொன்ன? நீ சொல்றத நான் இனிமே நம்பவே மாட்டேன்." என்னை அவள் 'நீ' என்று சொன்னது அன்றுதான். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, ரெண்டு என்றே வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக்கொண்டார். ஊசியேற்றி, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ஆறரைக்குள் கண் திறக்காவிட்டால் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். மணி அப்போது நாலு.

அந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது? மனைவி ஒரு பக்கம் உட்கார்ந்து குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அம்மாவின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. கிளிப்போடு சேர்ந்த பெட்டியில் எண் இறங்கும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சாமியிடம் வேண்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிழைக்க வேண்டும் என்பதோடு இன்னொன்றும் வேண்டினேன். நான் கொடுத்தது ஒன்றுதான் என்று இவர்களுக்கு எப்படியாவது தெரிய வேண்டும் என்று வேண்டினேன். அட்டையில் ஒன்று தயாரிப்பிலேயே விட்டுப்போயிருக்கும், கைப்பையில் பிதுங்கி விழுந்திருக்கும் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே நின்றேன். பிள்ளை அப்படிக் கிடக்கும்போது என் மனசு அதற்கும் இடம் வைத்திருந்தது.

ஆறு மணிக்கு அவள் காலை உதைத்தாள். ஆறேகாலுக்குக் கண் இமை அசைந்தது. நர்ஸ் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட, முனகிக்கொண்டே கண்ணைத் திறந்தாள். மனைவி ஓவென்று அழுதாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பயமில்லை, ஆனாலும் இன்றைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றார். குனிந்து அவளைத் தூக்கி என் தோளில் சாய்த்து உட்கார வைத்தேன்.

உட்கார வைத்ததும் அவளுக்குக் குமட்டியது. தடுக்க நேரமில்லை. என் சட்டை முழுக்க, மடி முழுக்க எடுத்துவிட்டாள். எடுத்து முடித்ததும் வாயைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல், கண் பாதி சொருகியபடியே, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"சாரிப்பா" என்றாள். நாக்கு குழறியது. "ஓட்டல்ல நானே அம்மா பையிலேர்ந்து எடுத்து மாத்திரை போட்டுக்கினேன்பா. அப்டியும் வந்துருச்சு."

மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னது உண்மைதான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.