பிலோமினா அக்காவுக்குத் தபாலில் போன கடிதம்

அசாம் ஜாவா ஊரின் சாலையோரக் கடையில் ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது ரீத்தா அழைத்தாள். பிலோமினா அக்காவின் ஒரே மகள். "அங்கிள், அம்மா காலையில போயிட்டாங்க" என்றாள். என்ன ஆயிற்று என்று பதறினேன். "புற்றுநோய். எட்டு மாசமா. உங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே மேசையில் அவரோடு உட்கார்ந்த எனக்குத் தெரியாது.

அக்காவை அறிந்தவர்களுக்கு எங்கள் நிதியையும் தெரியும். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களுக்கென்று பொதுவில் தொடங்கிய முதலீட்டு நிதி அது. வாரியத்தில் ஏழு பேர், நான் செயலாளர். ஆரம்பத்தில் பெரிய மனிதர்களின் பெயர்கள் கடிதத்தாளில் மட்டும் பளபளத்தன, கூட்டத்துக்கு ஆள் வராது. யார் வாரியத்தில் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று விதிகளை எழுதியவர் அக்காதான். மூன்று பேராவது தோட்டத்துக் குடும்பமாக இருக்க வேண்டும் என்றார். "படிக்காதவங்க முதலீட்டப் பத்தி என்ன பேசுவாங்க?" என்று டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் சிரித்தார். தோட்டத்து லய வீட்டில் பிறந்த அக்கா சிரிக்கவில்லை. "நஷ்டமானா யாரு வீட்டுல அடுப்பு எரியாதோ அவங்க பேசட்டும்லா, டத்தோ" என்றார். முன்கூட்டி எழுதித் தராமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் பதவி தானாகக் காலியாகும் என்பதும் அவர் எழுதிய விதிதான்.

உறவினரின் விண்ணப்பம் பேச்சுக்கு வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒருமுறை அக்காவின் தங்கை மகன் எங்கள் அலுவலகக் கூரை வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு போய்ச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவனுக்கு வேலை இல்லை என்று முடிவெடுத்த நாங்கள், அவரைக் கூப்பிட மறந்து அடுத்த மூன்று விஷயங்களையும் பேசி முடித்துவிட்டோம். வெளியே மழைச் சாரல். பாதிச் சேலை நனைந்திருந்தது. ஏன் உள்ளே வரவில்லை என்றதற்கு, "கூப்பிடாம எப்படி வர்றது? நான் வெளிய இருக்கேன்னு கூட்டக் குறிப்புல எழுதியிருக்கல்ல?" என்று என்னைத் திட்டினார்.

அந்த மூன்று கூட்ட விதியில் முதலில் சிக்கியவர் உலு யாம் ஊர்க்காரர் முனுசாமி. நீக்கக் கடிதத்தில் தபால்தலை ஒட்டப்போன என் கையிலிருந்து உறையைப் பிடுங்கினார் அக்கா. "ஆள நீக்குறோம் குணா, அறுத்துப் போடல. கையில கொண்டு போய்க் குடுத்து, அவங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டு வரணும்." போனோம். முனுசாமி பத்து நிமிடம் கத்தினார். பிறகு அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். கிளம்பும்போது முனுசாமியே காரில் ஒரு கூடை ரம்புத்தான் பழத்தை ஏற்றினார். விதிப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும், அன்று முதல் அது எங்கள் வழக்கமாயிற்று.

அக்கா கடைசியாக வந்த கூட்டத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் வாங்குவது பற்றிப் பேசினோம். "விக்கிறவரு உன் கூட்டாளி. நீ வெளிய போய் உக்காரு குணா" என்றார் எல்லார் முன்னிலையிலும். நண்பன் என்றால் உறவினரா? விதியில் அப்படி இல்லையே! ஆனாலும் போய் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. முறுக்கிக்கொண்டிருக்கிறார், முதலில் அவரே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்றாவதும் முடிந்ததும், அவர் எழுதித் தந்த மாதிரிக் கடிதத்திலேயே அவர் பெயரைப் போட்டேன். எந்த முகத்தோடு அவர் வாசலில் நிற்பது? பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அடக்கம் முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது ரீத்தா சொன்னாள்: "லீவு லெட்டர் எழுதுங்கன்னு ஒவ்வொரு தடவையும் கெஞ்சுனேன் அங்கிள். இந்தத் தடவ போயிடுவேன்னே சொல்வாங்க. மூணாவது கூட்டத்துக்குச் சேல கட்டி, கார்லயே ஏறிட்டாங்க. அசாம் ஜாவா தாண்டல, ஒரே வாந்தி. திரும்பிட்டோம்."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "லெட்டர் வரும்னு அவங்களுக்குத் தெரியும். குணாதான் கொண்டு வருவான், அப்பப் பேசிக்கிறேன்னு சொல்லி, தெனமும் பிளாஸ்க்ல தேத்தண்ணி போட்டு வைக்கச் சொல்வாங்க" என்றாள். "தபால்ல வந்த அன்னிக்கு, பிளாஸ்க்கக் கழுவி வச்சிடுன்னாங்க."

அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக நீங்கள் கையெழுத்திட்டதும் எனக்குத் திரும்பி வந்த ஒப்புகை அட்டை. முத்துமுத்தாக எழுதும் உங்கள் பெயர் அதில் கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அன்றே அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கோப்பில் வைத்தேன்.