தண்ணீர் ஊற்றியவள்

எங்கள் ஊர் அதிராம்பட்டினத்துக்குப் பக்கம். கடைமடை. ஆற்றுத் தண்ணீர் வயல் வயலாக நின்று எங்களிடம் வந்து சேர்வதற்குள் கடல் வந்துவிடும். நான் ஐந்தாவது வரை படித்தவள். காலையில் இடியாப்பம் அவித்து விற்கிறேன். குர்ஆன் ஓதலும் அதிகம் தெரியாது. தொழுகைக்கு வேண்டிய சின்ன சூராக்கள் தெரியும். அவ்வளவுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்து அறிவிப்பு வந்தது. எங்கள் தெருப் பெண். என்னைவிட இளையவள். கூடப் பிறந்த அக்காவைக் கூப்பிடுவதுபோல என்னை ராத்தா என்பாள். நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிப் படுத்தவள், எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. புருஷன் துபாயில் இருந்தார். விமானம் கிடைத்து வந்து சேர மறுநாள் ஆகிவிடும், எனக்காக வைக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டாராம். ஜும்ஆ தொழுகைக்கு ஊரே பள்ளிக்கு வரும். அது முடிந்த கையோடு அடக்கிவிடலாம் என்று ஆண்கள் பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன். போய் ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டு வரத்தான். அதற்குள் அவளுடைய உம்மாவே என் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்.

"புள்ள, நீதான் வந்து குளிப்பாட்டணும்."

எங்களில் பெண் இறந்தால் அந்த மையத்தைப் பெண்தான் குளிப்பாட்ட வேண்டும். தெருவில் அதைச் செய்துகொண்டிருந்த பெரியம்மா இடுப்பு எலும்பு முறிந்து மகன் வீட்டோடு போய்விட்டார். பக்கத்துத் தெருவில் ஓதிப் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பிள்ளை பெறத் தாய்வீடு போயிருந்தாள். வேறு ஆள் இல்லை.

எனக்குத் தெரியாது மாமி என்றேன்.

"அந்தப் பெரியம்மா குளிப்பாட்டுனப்பல்லாம் நீதானே தண்ணி ஊத்துன?"

"ஊத்துனேன் மாமி. கண்ண மூடிக்கிட்டுல்ல ஊத்துனேன்."

அது உண்மை. எனக்கு மையத்து என்றால் பயம். பெரியம்மா கூப்பிட்டதற்காகப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் சொல்லும் பக்கம் ஊற்றிவிட்டு வருவேன். தண்ணீர் ஊற்றியவளுக்குக் குளிப்பாட்டவும் தெரியும் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது.

மாமி போகவில்லை. தன் கைகளை எனக்குக் காட்டினார். இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. "பெத்தவ நானே செய்யலாம். கை நிக்க மாட்டேங்குது, பாரு. எம்புள்ள சுத்தமா போவணும்."

அதற்கு மேல் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடக்கும்போது மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டுதான் போனேன். இந்த ஊரில் எத்தனை பேர் ஓதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னைப் பிடித்தாயே ரப்பே என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. எனக்கு எப்போதும் வராது.

கொல்லையில் சேலைகளைக் கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து பலகை வந்திருந்தது. போர்வெல் தண்ணீர் எங்கள் பக்கம் உப்பு. அதனால் குடிதண்ணீரையே குடங்களில் பிடித்து வைத்திருந்தார்கள். இலந்தை இலை, கற்பூரம், வெள்ளைத் துணி எல்லாம் தயார். நான் மட்டும்தான் தயாராக இல்லை. தண்ணீர் ஊற்ற அவளுடைய நாத்தனார் என்னோடு நின்றாள்.

எப்படித் தொடங்கினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. பெரியம்மா எதை முதலில் செய்வார் என்று யோசித்தால் தண்ணீர் விழுந்த சத்தம்தான் ஞாபகம் வந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டேன். மேலே துணி மூடியபடியே அடியில் கைவிட்டுச் சுத்தம் செய்தேன். உயிரோடு இருப்பவளைத் தொடுவதுபோலத் தொட வேண்டும், மையத்துக்கும் வலிக்கும் என்று பெரியம்மா சொல்வது மட்டும் காதில் இருந்தது. மெதுவாகத்தான் செய்தேன். பிறகு, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதுபோல, ஒளு செய்விக்க வலது கையை எடுத்தேன்.

நகம் எல்லாம் சிவப்பு. நெயில் பாலிஷ்.

மாதவிலக்கு வந்து தொழுகை இல்லாத நாட்களில் பெண்கள் ஆசைக்குப் போட்டுக்கொள்வதுதான். அந்த நாட்கள் முடிந்து குளிக்கும்போது எடுத்துவிடுவார்கள். அது இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது. தண்ணீர் படாவிட்டால் குளிப்பு கூடாது, செல்லாது. அவளுக்கு எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

காலைப் பார்த்தேன். காலிலும் சிவப்பு.

நாத்தனார் உள்ளே ஓடித் தேடிவிட்டு வந்தாள். அழிக்கிற மருந்து வைத்திருந்த பாட்டில் காய்ந்து கிடந்தது. ஃபேன்சி ஸ்டோருக்கு ஆள் அனுப்பினோம். வெள்ளிக்கிழமை, கடைத்தெருவே பூட்டிக் கிடக்கிறது என்று திரும்பி வந்தார்கள். மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் கேட்கலாம் என்றால் அவர் ஜும்ஆவுக்குப் போய்விட்டார், போன் அணைந்திருந்தது.

"பிளேடு கொண்டாரவா ராத்தா? சொரண்டிடலாம்."

வேண்டாம் என்றேன். பழக்கமில்லாத என் கை சதையைக் கிழித்துவிடும்.

மறைப்புக்கு வெளியே, பள்ளியில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் வந்து நின்று, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். முடியப்போகிறது என்று நாத்தனார் சொல்லி அனுப்பினாள்.

அப்போது நான் ஒன்றும் செய்யாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவும் இல்லை. கை குளிர்ந்து கிடந்தது. யா அல்லாஹ், நீதான் கூட்டி வந்தாய், எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

கொல்லைக்கதவு வழியாக அறைக்குள் கண் போனது. அலமாரி திறந்தபடி இருந்தது. மேல் தட்டில் புருஷன் கொண்டுவந்த சென்ட் பாட்டில்கள். என் மருமகன் சட்டைக்கு அடிக்கும் சென்ட் ஒருநாள் என் மகள் நகத்தில் பட்டுப் பாலிஷ் இளகியது ஞாபகம் வந்தது. அதை எடுத்து வா என்றேன்.

நாத்தனார் தயங்கினாள். "ஸ்பிரிட் கலந்தது ராத்தா. மையத்துல படலாமா?"

"தெரியாதும்மா. அப்பறம் தண்ணி ஊத்திக் கழுவிடுவோம்."

"பாவமாயிட்டா?"

"எம்மேல எழுதட்டும்."

அப்படிச் சொன்னேனே தவிர, தைரியம் ஒன்றும் இல்லை. பயத்தில் சொன்னது. பஞ்சில் சென்ட்டை நனைத்து ஒவ்வொரு நகமாகத் துடைத்தேன். சீக்கிரம் போகவில்லை. தேய்த்துத் தேய்த்துத்தான் இளகியது. சாவு வீட்டில் கல்யாண வீட்டு வாசம் அடித்தது. நாத்தனார் அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் துபாயிலிருந்து வந்து இறங்கும்போது அடிக்கிற வாசமாம். நீ அழுதுகொண்டே சென்ட்டை ஊற்று, நிறுத்தாதே என்றேன்.

கை நகங்கள் சுத்தமாகிவிட்டன. காலுக்கு வந்தபோது மோதினார் அனுப்பிய பையன் வந்தான். பாங்கு சொல்லிவிட்டார்கள், தொழுகை முடிந்ததும் மையத்தைத் தூக்கச் சந்தாக்கு எடுத்து வருவார்கள், துணி உடுத்தி முடித்திருக்க வேண்டும் என்றான். கடைசியாக இடது காலின் சுண்டுவிரல். நகம் சதைக்குள் வளைந்து போயிருந்தது. மேலே இருந்தது போய்விட்டது. ஓரத்தில், சதை மூடிய இடத்தில், ஒரு சிவப்பு. பஞ்சு போகவில்லை. துணி நுனியை முறுக்கிப் பார்த்தேன். போகவில்லை. இழுத்தால் நகம் பெயர்ந்துவிடும்போல இருந்தது.

விட்டுவிட்டேன்.

பிறகு சோப்பு போட்டு எல்லாவற்றையும் கழுவினோம். ஒளு செய்வித்தேன். தலை, வலது பக்கம், இடது பக்கம். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்தோம். முடியை மூன்றாகப் பின்னிப் பின்னால் விட்டேன். அந்த வெள்ளைக் கபன் துணி உடுத்தினோம். முகத்தை மட்டும் திறந்து வைத்தோம். போனில் புருஷன் பார்த்தார். அந்தப் பக்கம் யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

குளிப்பாட்டியவள் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. நகத்தில் இருந்தது அவள் குறை இல்லை, அதனால் எழுதினேன். மற்றதை எழுத மாட்டேன்.

சந்தாக்கு போனபின் ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. நான் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில், அவளுக்கான ஜனாஸா தொழுகையில், அல்லாஹு அக்பர் என்ற தக்பீர் கேட்டது. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார்.

"சுத்தமா அனுப்பிட்டியா புள்ள?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எந்தத் தாய்க்கும் அதைத்தான் சொல்வார்கள். என் நாக்கு எழவில்லை. பாத்திரம் கையிலிருந்தது, அதை வைத்துவிட்டு, இருந்ததைச் சொன்னேன். சுண்டுவிரல் ஓரத்தில் கொஞ்சம் இருந்துவிட்டது மாமி, எடுக்க முடியவில்லை என்று.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அல்லா ஏத்துக்குவானா?"

"ஏத்துக்குவான் மாமி."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மாமி."

மாமி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கி நிற்கும்வரை அங்கேயே இருந்தோம். எழுந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

ஆலிம்சாவிடம் நான் இதுவரை கேட்கவில்லை. கூடும் என்றால் சரி. கூடாது என்றால் என்ன செய்வது? மண்ணைத் தோண்டவா முடியும். மாமியும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெருவில் பார்த்தால் நின்று, சாப்பிட்டாயா என்பார். அதைப் பேச மாட்டார்.

அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள். போகிறேன். முன்னைவிட ஏதோ தெரியும் என்று சொல்ல முடியாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அல்லாஹ் ஏன் என்னைக் கூப்பிட்டான் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

தொழுது முடித்துக் கையேந்தினால் முதலில் அந்தச் சுண்டுவிரலைத்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காக, பிள்ளைகளுக்காகக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.