டாக்டர் என் கணவரிடம் என்ன சொன்னார்? ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பயணங்கள்

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது கோயில், அருவி, சாப்பாட்டுக் கடை. போன வாரம் காம்பாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. ஈப்போவுக்குக் கூட்டிப்போக வேண்டும். எப்படிப் போவது, எங்கே தங்குவது, அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தார். போகும் வழி இப்போது சுலபம். அங்கே என்ன செய்வார்கள் என்பதற்குப் பதில் சொல்ல, 1983ஆம் ஆண்டு நான் போன பயணங்களைச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கோப்பெங்குக்கும் காம்பாருக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் வேலை. கணவர் முனியாண்டிக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. இரண்டு பெண்பிள்ளைகள். ஒருநாள் வேலை முடிந்து குளிக்கும்போது இடது மார்பில் கல் மாதிரி ஒன்று கையில் பட்டது. அழுத்தினால் வலிக்கவில்லை. வலிக்காததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரசர் இருந்தார். டாக்டர் இல்லை, கட்டுப்போட்டு மருந்து கொடுப்பவர். "பால் கட்டியிருக்கு. இந்தக் களிம்பத் தேய்" என்றார்.

"சின்னவ பால் மறந்து மூணு வருஷமாச்சுங்க ஐயா."

"நான் சொல்றேன்ல. போய்த் தேய்."

களிம்பு தீர்ந்தது, கட்டி அப்படியே இருந்தது. மறுபடி போனேன். இன்னொரு டப்பா கொடுத்தார். ஈப்போவுக்கு எழுதிக் கொடுங்கள் என்றால் மட்டும் முகம் சுருங்கியது. எழுதிக் கொடுத்தால் தோட்டத்து வேனை அனுப்ப வேண்டும், நிர்வாகத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்று அன்றைக்கே சந்தேகப்பட்டேன். தீபாவளி கழிந்த மறுவாரம், அவரிடம் சொல்லாமல் நானே கிளம்பினேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் தோட்டத்து லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இரண்டு மைல் செம்மண் பாதை. மழைக்காலம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அங்கிருந்து, காம்பாரிலிருந்து வரும் பஸ், கோப்பெங் வழியாக ஈப்போவுக்குப் பதினெட்டு மைல். ஈயம் எடுத்த குட்டைகள் வழியெல்லாம் மழைநீரில் நிரம்பிக் கிடந்தன. ஈப்போவில் டாக்சி. ஓட்டுநர் தமிழர்.

"ஆஸ்பத்திரிக்கா, அக்கா? யாருக்கு முடியல?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றேன். முன்பின் தெரியாதவரிடம்கூட உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். டாக்டர் சீனர், என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். கட்டியைத் தொட்டுப் பார்த்தார், அக்குளில் விரலை விட்டு நெடுநேரம் தேடினார், சோதனைக்கு ஊசியால் கொஞ்சம் எடுத்தார். அடுத்த வாரம் கணவரோடு வரச் சொன்னார். ஏன் கணவரோடு? கேட்டேன். தாதி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

இரண்டாவது பயணத்துக்கு முனியாண்டி கல்யாணத்துக்குப் போவது போலக் கிளம்பினார். தேய்த்த கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பேனா. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் விட்டார். ஆஸ்பத்திரியில் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். தாதி என்னை உட்காரச் சொன்னாள். கதவு மூடியது. வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன்னுமில்லலா. சின்ன ஆப்பரேசன். கட்டிய எடுத்துப் போட்டுருவாங்க."

"அதச் சொல்ல உங்களத் தனியா ஏன் கூப்பிட்டாரு?"

"அவுங்க பழக்கம் அப்படி."

அன்று இரவு ஈப்போவிலேயே புந்தோங்கில் அவருடைய அக்கா கமலா வீட்டில் தங்கினோம். கமலா அக்கா கச்சான் கடலை வறுத்துப் பொட்டலம் போட்டு விற்பவர். எப்போது போனாலும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அன்றைக்கு எனக்கு மட்டும் தனித் தட்டு, ஓரம் நெளிந்த தனிக் குவளை. சாப்பிட்டதும் அதைத் தனியாகக் கழுவி வேறு இடத்தில் கவிழ்த்து வைத்தார். அக்காவும் தம்பியும் சமையல்கட்டில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். "புள்ளைங்கள யாரு பாத்துக்குவா?" என்பது மட்டும் காதில் விழுந்தது.

சின்ன ஆப்பரேசனுக்குப் பிள்ளைகளை யாராவது எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்? அன்றிலிருந்து நான் யார் சொன்னதையும் நம்பவில்லை. முனியாண்டி தோட்டத்தில் எந்தப் பெண்ணிடம் பேசினாலும், எனக்குப் பிறகு இவளா என்று கணக்குப் போட்டேன். அவர் மீன் வாங்கி வந்தால், கடைசியாக வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்றா என்று நினைத்தேன். கேட்டால் ஒரே பதில்: சின்ன ஆப்பரேசன்.

மூன்றாவது பயணம், ஆஸ்பத்திரியில் சேருவதற்கு. மறுநாள் காலையில் ஆப்பரேசன். முதல்நாள் மாலை தாதி வந்து அக்குளைச் சிரைத்தாள். கழுத்தெலும்பிலிருந்து தொப்புள் வரை மருந்து போட்டுத் துடைத்தாள். எலுமிச்சை அளவு கட்டிக்கு இவ்வளவு இடமா? அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். டாக்டர் வந்து என்னிடம் பேசாமல் நாளைக்குக் கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்றேன். அவள் கோபித்துக்கொண்டாள். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வந்தபோது எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னேன்: "டாக்டர், சாக்காப் சாமா சாயா. இனி பாடான் சாயா." என்னிடம் பேசுங்கள், இது என் உடம்பு.

"உன் கணவரிடம் எல்லாம் சொன்னேனே" என்றார் மலாயில்.

"என்னிடம் சொல்லவில்லை."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கான்சர் என்றார். மார்பு முழுவதையும் எடுக்க வேண்டும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும், பிறகு கோலாலம்பூருக்குப் போய்க் கதிர் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். விட்டால் என்னாகும் என்றேன். அதையும் மறைக்காமல் சொன்னார். ஒட்டிக்கொள்ளும் நோயா என்று கேட்டேன். இல்லை என்றார். அழுகை வரவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு ஒருவர் என்னிடம் நேராகப் பேசியது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

கணவரை அனுப்புங்கள் என்றேன். முனியாண்டி வந்து கட்டிலோரம் நின்றார்.

"தெரிஞ்சுகிட்டே மறைச்சீங்களா?"

"எனக்கு ஒன்னும் வெளங்கல, புள்ள. அவரு இங்கிலீசுலயே பேசுனாரு. பேனாவப் பாத்துட்டு ஆபீசு கிராணின்னு நெனச்சிட்டாரு போல. நானும் யெஸ், யெஸ்னு தலையாட்டிட்டேன். ஆப்பரேசன்னு ஒரு வார்த்தைதான் காதுல ஏறுச்சு."

"சின்ன ஆப்பரேசன்னு சொன்னீங்களே?"

"சின்னதுங்கிறது நானாச் சொன்னது. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் நம்பவில்லை. கான்சர் என்ற சொல் இங்கிலீஷிலும் மலாயிலும் ஒன்றுதானே. அது காதில் விழாமலா இருந்திருக்கும்? ஆனாலும் மறுநாள் நானே நடந்து ஆப்பரேசன் அறைக்குப் போனேன். எதை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துதான் போனேன்.

அதன் பிறகு கோலாலம்பூருக்குப் பல வாரம், ஈப்போவுக்குப் பல வருடம். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கவே மாதக்கணக்கானது. பால்மரம் சீவ முடியாமல் பிள்ளைக் காப்பக வேலைக்கு மாறினேன். நோய் ஒட்டாது என்று கமலா அக்காவிடம் நானே சொன்னேன். "யாரும் சொல்லலியேம்மா, பயந்துட்டேன்" என்றார். தனித் தட்டு எதற்கென்று எனக்கு இருந்த சந்தேகம் மட்டும் சரிதான்.

இரண்டு வருடம் கழித்துப் பக்கத்து லயத்துப் பார்வதி இருட்டுவதற்கு முன் வந்து, என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக் காட்டினாள். டிரசர் அவளுக்கும் களிம்புதான் கொடுத்திருந்தார். மறுநாளே அவளையும் அவள் கணவரையும் கூட்டிக்கொண்டு ஈப்போ பஸ் ஏறினேன். இந்த முறை டாக்டர் அறைக்குள் மூன்று பேரும் போனோம். டாக்டர் வேறொருவர், மலாயும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசினார். பார்வதியின் கணவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

"அண்ணே, டாக்டர் இப்ப என்ன சொன்னாரு? நீங்க சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். கான்சர் என்ற சொல்லை டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். என் காதில் விழுந்தது. அவர் காதில் விழவில்லை. பயந்தவனுக்குக் காது அடைத்துப்போகும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். வீட்டுக்கு வந்து முனியாண்டிக்குச் சோறு போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பார்வதி இன்றும் கோப்பெங்கில் இருக்கிறாள். அன்று டாக்டரிடம் அவளே எல்லாவற்றையும் மறுபடி கேட்டு, ஆப்பரேசன் தேதியையும் அவளே முடிவு செய்தாள்.

வாசகிக்கு: காம்பாரிலிருந்து காரில் போனால் முக்கால் மணி நேரம் போதும், வெள்ளனவே கிளம்புங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைப்பதுதான் சிரமம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையை அம்மாவுக்குப் போட்டுவிடுங்கள். டாக்டர் உங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொன்னதை அம்மாவின் வாயாலேயே அங்கே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் அவர் திருத்துவார். அவர் அவசரமாக எழுந்துகொண்டாலும் நீங்கள் இருவரும் எழ வேண்டாம்.