மாமி கேட்ட வெள்ளைக் கப்பல்

இலங்கையில், வன்னிச் சண்டை கடற்கரை வரைக்கும் வந்துவிட்ட மாதங்களில் நான் மொன்றியலில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் நகரின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றும்போதே, அமெரிக்கா என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்பார்கள். தொலைக்காட்சியில் வாஷிங்டன் பேச்சாளர் ஒருவர் கவலை தெரிவிப்பார். நான் தமிழில் சொல்லுவேன். அப்பாவுக்கு அது போதாது.

"ஆள் கோவமாக் கதைச்சவனோ, சும்மா கதைச்சவனோ?"

சும்மாதான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பாவின் ஒரே தங்கை, என் மாமி, இரண்டு பிள்ளைகளோடு அந்தக் கடற்கரையில் அகப்பட்டிருந்தார்.

அந்தத் தவணையில் நான் எழுதவேண்டியிருந்த கட்டுரை, நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவை உலக வல்லரசாக்கிய ஜனாதிபதி ஒருவரைப் பற்றியது. ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனிதர். குத்துச்சண்டை பழகுவார், குளிரில் ஆற்றில் இறங்கி நீந்துவார். பனாமாவில் கால்வாய் வெட்ட நிலம் வேண்டுமென்று, அங்கே ஒரு புது நாடு பிரிந்து வரத் துணைபோனார். ரஷ்யாவையும் ஜப்பானையும் கூப்பிட்டு இருத்திச் சண்டையை முடித்துவைத்தார். கடைசியில் போர்க்கப்பல்களுக்கு வெள்ளை வர்ணம் அடித்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று உலகத்தைச் சுற்றி அனுப்பினார். அந்தக் கப்பல்கள் கொழும்பிலும் நின்றன என்று நூலகத்தில் வாசித்துவிட்டு, அன்று சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "கொழும்புக்கோ? அப்ப அவங்களுக்கு வழி தெரியும்."

அந்த ஜனாதிபதி கப்பல்களை யாருக்கும் உதவி செய்ய அனுப்பவில்லை என்று விளக்கினேன். அந்த மனிதர் அசைந்த இடமெல்லாம் அவருடைய நாட்டுக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டிருந்தது. கொழும்பில் கப்பல்கள் நிலக்கரி ஏற்றின, மாலுமிகள் தேயிலையோடு திரும்பினார்கள், அவ்வளவுதான். அப்பா அந்தப் பகுதியைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் தமிழ்க் கடையில் ஆட்டிறைச்சி வெட்டும்வரை நின்றபோது, அப்பா அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் கப்பல் கதையைச் சொன்னார். மகன் வாசித்தவன் என்றும் சொன்னார். கடைக்காரர் கத்தியை நிறுத்தாமலே, "அண்ணை, உந்தக் கப்பல் இப்ப கறள் பிடிச்சுப் போயிருக்கும்" என்றார். "புதுசு கட்டியிருப்பாங்கள்தானே," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த நாட்களில் இங்கே ஒருவர் சொன்னது மாலைக்குள் ரொறொன்ரோவுக்குப் போகும், அங்கிருந்து லண்டனுக்கு. எல்லோருக்கும் அந்தக் கடற்கரையில் யாரோ ஒருவர் இருந்தார். நல்ல செய்தி கேட்டால் அவர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வாயிலும் கதையிலிருந்து சில வருடங்கள் உதிர்ந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை மாமியிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்சம் கதைக்கலாம். அப்பாவோடு இரண்டு சொல் கதைத்துவிட்டு என்னைக் கேட்டாராம்.

"தம்பி, நீ படிக்கிற பிள்ளை. அமெரிக்காக்காரன் கப்பல் விடுறானாம். வெள்ளைக் கப்பலாம். உண்மையோ?"

மூச்சுவிடாமல் மற்றதையும் சொன்னார். பக்கத்துப் பதுங்குகுழிச் சனம் அன்றிரவு நீரேரியைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போகப்போகிறதாம். மாமியும் பிள்ளைகளோடு கூடப் போவதா, கப்பல் வரும்வரை கரையில் நிற்பதா? கடக்கிறவர்களும் சூடுபட்டுக்கொண்டிருந்தார்கள், நிற்கிறவர்கள்மேல் ஷெல்லும் விழுந்துகொண்டிருந்தது. இரண்டும் எனக்குத் தெரியும். அதற்குமேல் எந்தப் புத்தகத்திலும் ஒன்றும் இல்லை.

"மாமி, அது நூறு வருசத்துக்கு முந்தி வந்த கப்பல்," என்றேன்.

மாமிக்குப் பின்னால் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

"அப்ப நாங்கள் போறதோ, நிக்கிறதோ?"

ஏதாவது சொல்லு என்று அப்பா கையால் காட்டினார். "இஞ்சயிருந்து நான் என்னெண்டு சொல்லுறது மாமி," என்றேன்.

"சரி, சரி. நீ யோசிக்காத. நல்லாப் படி," என்றார் மாமி. அதோடு அவருடைய முறை முடிந்தது.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் அந்த இலக்கத்தை அழுத்திக்கொண்டேயிருந்தார். கடைசியில் தொலைபேசிக்காரர் எடுத்தார். அந்தப் பக்கத்துக் குழிச் சனம் இரவே புறப்பட்டுவிட்டதாம். மாமியின் குழியும் வெறுமையாகக் கிடக்கிறதாம். யாரோடு, எந்தப் பக்கம் என்று அப்பா கேட்டார். இருட்டில் தான் பார்க்கவில்லை என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அப்பா தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆமிப் பக்கம் போயிருப்பாள், என்ன?"

ஓம் அப்பா, என்றேன்.

பிறகு தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, கரையில் வேறெங்காவது நின்றாலும் நல்லதுதான் என்றார். அதற்கும் ஓம் என்றேன்.