மார்ச் மாதத்துப் பெண்ணுரிமை

கிராம நர்சு வேலைக்கு ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது. ஊரார் சொல்லும் கருத்துகளைக் கேட்டுக்கொண்டே கை நடுங்காமல் ஊசி போடத் தெரிய வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை ஏற்காடு மலையில் வாழவந்திப் பக்கம் போட்டார்கள். பிரசவம் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிப்பது, இவைதான் வேலை. முதல் இரண்டைப் பற்றி ஊரில் யாருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. மூன்றாவதைப் பற்றி மட்டும் மாமியார், பூசாரி, பஸ் கண்டக்டர் என்று எல்லோருக்கும் உண்டு. தோளில் பையும் காலில் அறுந்த செருப்புமாக இதே வேலை பார்த்த சகோதரிகள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

மாத்திரையின் மகிமை

தலைச்சோலையில் ஒரு களத்தில் பெண்கள் காப்பிக் கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பையை இறக்கி, கர்ப்பத்தடை மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. கல்யாணமாகாதவள் இதைப் பேசுவது ஒழுக்கக்கேடு என்று ஊரில் ஒரு கட்சி இருந்தது. கல்யாணமாகி நாலைந்து பெற்ற நர்சு வந்து பேசியிருந்தால் அதே கட்சி விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஒரு பெண், "ஏனுங்க சிஸ்டர், உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க?" என்றாள்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

அவள் பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். "பாத்தியா புள்ள, மாத்திரை நொம்ப நல்லா வேலை செய்யுது."

சத்து

எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் மாரிமுத்து என்றொருவர் இருந்தார். நிழல் மரங்களுக்குக் கிளை வெட்டுவது அவர் வேலை. மனைவி செல்லம்மா காப்பிப் பழம் பறிப்பவள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்து, நான்காவது வயிற்றில் எட்டு மாதம். இதற்குப் பிறகாவது ஆண்களுக்கான ஆபரேசனைச் செய்துகொள்ளலாமே, கால் மணி நேரத்து வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று மாரிமுத்துவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஆம்பளைக்குச் சத்துப் போயிருமுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து, தலையில் விறகுக் கட்டோடு செல்லம்மா மேடேறி வந்தாள். கட்டைப் பொத்தென்று போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மாரிமுத்து கட்டிலை விட்டு அசையவில்லை. விறகுக் கட்டைக் கையால் காட்டி எனக்கு விளக்கம் சொன்னார். "இந்த மாதிரி சுமையெல்லாம் அப்புறம் நானு தூக்க முடியாதுங்களே, சிஸ்டர்."

பழக்கம்

வசதியான ஒரு விவசாயி வீட்டில் மருமகளுக்குத் தலைப்பிரசவம். நான் உள்ளே நுழைந்ததும் மாமியார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "சிஸ்டரு என்ன ஆளுங்க?" என்றார். சேலத்து ஆள் என்றேன். "ஊரைக் கேக்கலீங்க" என்றார். குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. "நான் பதில் சொல்லி முடிக்கற வரைக்கும் கொழந்தைய உள்ளயே இருக்கச் சொல்லட்டுங்களா?" என்றதும் வழி விட்டார்.

பெண் குழந்தை. வறுத்த காப்பிக் கொட்டை நிறத்திலிருந்த அந்த மாமியார் பேத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பொட்டைப் புள்ள, அதுலயும் கருப்பு" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். பிறகு எனக்குக் காப்பி வந்தது. வீட்டாருக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குக் கூரை இறவாணத்தில் தனியாகச் செருகி வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸ். அவர்கள் வம்சத்தைக் கொஞ்ச நேரத்துக்கு முன் பிடித்து வெளியே எடுத்த அதே கையால் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தம்மாள் அன்பாகவே சொன்னார். "தீட்டெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க. ஒரு பழக்கம், அவ்வளவுதானுங்க."

பங்களாப் பிரசவம்

எஸ்டேட் முதலாளியின் மனைவிக்குச் சமத்துவத்தில் அபார நம்பிக்கை. "எல்லாரும் சமம், சிஸ்டர்" என்று பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நின்றுகொண்டிருக்கும் என்னிடம் அடிக்கடி சொல்வார். லயத்துப் பெண்கள் ஏன்தான் இத்தனை பெற்றுக்கொள்கிறார்களோ என்ற கவலையும் அவருக்கு உண்டு.

பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால், பிரசவம் அவருடைய நாய்க்கு. "நான் மனுசங்களுக்குத்தாங்க நர்சு" என்றேன். "அதுவும் உயிர்தானே சிஸ்டர்" என்றார். நான் போவதற்குள்ளேயே அந்த நாய் யாருடைய யோசனையையும் கேட்காமல் ஆறு குட்டிகளைப் போட்டு முடித்திருந்தது. அவற்றில் எத்தனை பெட்டை என்று யாரும் கவலைப்படவில்லை. சன்னலுக்கு வெளியே, பெற்று ஒரு மாதம்கூட ஆகாத ஒருத்தி மரக்கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கூடையோடு பழம் பறித்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா மெதுவாகத் திரையை இழுத்துவிட்டார். "சத்தம் போடாம பேசுங்க சிஸ்டர். பெத்த உடம்பு, ஒரு மாசமாவது நல்லா ரெஸ்ட் வேணும்."

ஜீப்

செல்லம்மாவுக்கு நான்காவதும் பெண். குழந்தை நன்றாக இருந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. ஊசி போட்டேன், வயிற்றைப் பிசைந்தேன், வைத்த துணியெல்லாம் நனைந்துகொண்டே வந்தது. உடனே சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஜீப் கேளுங்கள் என்று மாரிமுத்துவைப் பங்களாவுக்கு விரட்டினேன். ஓடியவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். நாய்க்குட்டிகளுக்குத் தடுப்பூசி போட ஜீப் சேலத்துக்குப் போயிருந்தது. சத்தைப் பற்றிப் பேசிய மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

கீழ் ரோட்டில் காப்பி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் ஒரு கருத்தும் சொல்லாமல் பாதி மூட்டைகளை இறக்கி இடம் செய்து கொடுத்தார். கருத்துச் சொல்லாத ஆள் என்று மலையில் நான் கண்டது அவர் ஒருவரைத்தான். குப்பனூர் ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் அவள் அடிவயிற்றை முஷ்டியால் அழுத்திக்கொண்டே வந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பெரியவளுக்குச் சோறு ஆக்கத் தெரியாது சிஸ்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சேலத்தில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

அவள் வீடு திரும்பிய அன்று முதலாளியம்மா ரொட்டி, பழத்தோடு லயத்துக்கே வந்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். கண்கூடக் கலங்கியது. "ஒரு நாள் முன்னாடியே சொல்லியிருந்தா ஜீப்பை நிறுத்தி வச்சிருப்பேனே, சிஸ்டர்."

ஏப்ரல்

இன்னொரு பிரசவம் வந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று சேலத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடம்பு தேறியதும் செல்லம்மா தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, தானே கர்ப்பத்தடை ஆபரேசன் செய்துகொள்ள எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே வந்துவிட்டாள்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். மார்ச்சோடு எங்களுக்குக் கணக்கு முடிகிறது. அதற்குள் இத்தனை ஆபரேசன் என்று மேலிடத்து உத்தரவு. அதனால் மார்ச் மாதத்தில் எங்கள் டாக்டருக்குப் பெண்ணுரிமை பொங்கி வழியும். "உன் உடம்பும்மா, உன் முடிவு, புருஷன் எதுக்கு?" என்று அவரே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். செல்லம்மா செய்த தவறு, ஏப்ரலில் வந்தது.

"புருஷன் சம்மதம் வேணும். குடும்பம்னா ரெண்டு பேர் இல்லையா?" என்றார் டாக்டர்.

"போன மாசம் யாரையும் கேக்கலையே, சார்?" என்றேன்.

"அது போன மாசம்" என்றார்.

மாரிமுத்து சம்மதிக்கவில்லை. லாரியில் அழுதுகொண்டு வந்தவருக்கு இப்போது ஆண்பிள்ளை ஆசை திரும்பியிருந்தது. செல்லம்மா சண்டை போடவில்லை. மறுநாள் காலை கைக்குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் அவரிடம் விட்டுவிட்டு, மலைக்குக் கீழே அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். மாரிமுத்து என் வாசலில் வந்து நின்றார். தோளில் ஒன்று, கையில் ஒன்று, பின்னால் அழுதபடி ஒன்று. மூன்றுக்கும் தலை வாரவில்லை, அவருக்கும்தான். "எங்கீங்க சிஸ்டர் கையெழுத்துப் போடோணும்?" என்றார். போகும்போது திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல கேட்டா, நானே ரோசனை பண்ணி எடுத்த முடிவுன்னு சொல்லிருங்க."

செல்லம்மா மலையேறி வந்தாள், ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டிலில் படுத்திருந்தவளிடம் மாரிமுத்து கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். தையல் இழுக்க இழுக்கச் சிரித்தாள். "அவுரு முடிவாவே இருந்துட்டுப் போவுதுங்க சிஸ்டர். வயிறு எம்பட வயிறுதானுங்களே."

நான் ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அடுத்தவள் வயிற்றைப் பற்றி எல்லோரும் கருத்துச் சொல்லிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால், நாட்டில் எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதைச் சரியாக விசாரிக்காமலேயே எங்களை மலையேற்றிவிட்டார்களோ என்றுதான் தோன்றுகிறது.