மாட்டிவிட்டவனின் வயிற்றெரிச்சல்

போனில் அழுத்தினால் வேலை செய்யும் சாமான்களை அடுத்தவர் வீட்டில் மாட்டிவிட்டு, அவை வேலை செய்வதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி ஏணியை மடக்கிக்கொண்டு வருவதுதான் எங்கள் தொழில். ஓசூரில் ஒரு கடையில் எனக்கு வேலை. கேமரா, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர், கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் என்று எல்லாம் மாட்டுவோம். என் வீட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஃபேன் ரெகுலேட்டரே பாதியில் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. அடுத்தவர் சுவரில் டிரில் போட்டுத் தூசி தின்னும் சகாக்களே, உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். வாருங்கள், சேர்ந்தே வயிறெரிவோம்.

முதலில் ஓடும் மோட்டார்

பேரிகைப் பக்கம் நாராயணப்பா என்று ஒரு விவசாயி. தக்காளியும் கோஸும் போடுகிறவர். கரண்ட் எப்போது வரும் என்று கிணற்றடியிலேயே காத்துக் கிடந்த மனிதருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே மோட்டார் போட ஆரம்பித்தார். போட்டதோடு விடாமல், பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதைப் பார்த்தவர்களில் அவருடைய தம்பி முனிராஜும் ஒருவர். அடுத்த வாரமே முனிராஜ் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

தம்பிக்கும் அதே மாடல் மாட்டினேன். கரண்ட் வந்ததும் இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்ப, வோல்டேஜ் இறங்கி இரண்டுமே நின்றுவிட்டன. ஒன்று முதலில் ஓட வேண்டும், மற்றது கொஞ்சம் பொறுத்து ஓட வேண்டும். டைமரில் அப்படி வைத்துவிட்டால் தீர்ந்தது. யாருடையது முதலில் என்பதில்தான் வம்பு. அண்ணனும் தம்பியும் வரப்பில் நின்று தெலுங்கில் சண்டை போட்டார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. கடைசியில் வயதுக்கு மரியாதை கொடுத்து அண்ணனுடையதை முதலில் வைத்தேன். முனிராஜ் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "அவருதே முதல்ல ஓடட்டும் சார், பரவால்ல. ஆனா என்னுது முதல்ல ஓடுதுன்னு என் போன்ல மட்டும் காட்டுற மாதிரி பண்ணிக் குடுங்க."

காலுக்கு எத்தனை ஸ்டார்?

மஞ்சுநாத் என்னோடு வேலை பார்ப்பவன். அத்திப்பள்ளிக்காரரிடம் கன்னடம் பேசுவான், சூளகிரிக்காரரிடம் தெலுங்கு பேசுவான், கம்பெனி வேலைக்கு மதுரையிலிருந்து வந்தவரிடம் மதுரைக்காரன் மாதிரியே பேசுவான். எனக்குப் பேச வருவது தமிழ் ஒன்றுதான். ஏணி மேல் நின்றால் அதுவும் வராது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் எங்களுக்குப் போனில் ஸ்டார் போட வேண்டும். நல்ல வேலைகள் யாருக்கு என்று முதலாளி அதை வைத்துத்தான் முடிவு செய்வார். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

ஒரு பெரிய வீட்டில் கேட்டிலிருந்து மொட்டைமாடி வரை கேமரா வைத்தோம். வெயிலில் தொங்கிக்கொண்டு வயர் இழுத்தது நான். மஞ்சுநாத் ஹாலில் உட்கார்ந்து, அந்த வீட்டு அம்மாவின் பிறந்த ஊர் தன் மாமா ஊருக்குப் பக்கம் என்று கண்டுபிடித்து, காபியும் குடித்துவிட்டான். அவனுக்கு ஐந்து ஸ்டார், எனக்கு மூன்று. மனசு கேட்காமல், "ஏம்மா, வேலை சரியில்லைங்களா?" என்றேன். அந்த அம்மா பாவம், உண்மையாகவே சங்கடப்பட்டார். "ஐயோ, வேலை அருமைங்க. ஆனா காலையிலேர்ந்து நான் உங்க காலை மட்டும்தான் பார்த்தேன், காலுக்கு எத்தனை போடறதுன்னு தெரியலீங்களே!"

கழுத்துப் பட்டை

குந்தாரப்பள்ளிக்கு அருகில் கோவிந்தன் என்பவர் கறவை மாடுகள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஒரு பட்டை. மாடு அசைபோடுவது குறைந்தாலும் உடம்பு சுட்டாலும் பட்டை கண்டுபிடித்து அவர் போனுக்குச் சொல்லிவிடும். கொட்டகையில் வைஃபை சரியாக எடுக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் பெட்டியை இடம் மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அலறியது. ஒரு பசு சரியாக அசைபோடவில்லையாம். மனிதர் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரும் பைக்கில் பறந்து வந்தார். எங்கள் தெருவில் யாருக்காவது முடியவில்லை என்றால் எந்த டாக்டர் இப்படி வீடு தேடி வருகிறார்? அந்தப் பசுவை நான் முறைத்துப் பார்த்தேன்.

ஊசி போட்டுவிட்டுத் திரும்பிய டாக்டருக்கு, கோவிந்தனின் மனைவி சரசு மோர் கொண்டுவந்தார். டம்ளர் நடுங்கியது. டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். "நான் மாட்டு டாக்டர்தான், இருந்தாலும் சொல்றேன். முதல்ல இவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மனைவியின் நெற்றியில் கை வைத்த கோவிந்தன், சட்டென்று கையை எடுத்தார், அவ்வளவு சூடு. ஓடிப்போய் வண்டியை எடுத்தார். பின்னால் ஏறி உட்கார்ந்த சரசு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, அடுத்த தபா வரும்போது எனக்கும் ஒரு பட்டை எடுத்துக்கினு வாங்க. ரெண்டு நாளா நானுந்தான் அசைபோடல."

கதை சொல்லும் பெட்டி

கிருஷ்ணகிரியில் ஒரு மாடி வீடு. பேசும் ஸ்பீக்கர் சரியில்லை என்று புகார். போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வீட்டுக்காரப் பெண் போச்சம்பள்ளியில் வேலை செய்கிறவர். அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய சின்னப் பெண் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "முயல் கதை, இன்னொரு வாட்டி" என்றாள். அது இன்னொரு வாட்டி சொன்னது. குழைவான பெண் குரல். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற எந்தத் தாய்க்கும் அப்படிக் குழைய வராது.

"நல்லாத்தானே இருக்குதுங்க?" என்றேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதை ஆம்பளைக் குரலா மாத்த முடியுங்களா?" என்று கேட்டார். மாற்றிக் கொடுத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்தது, பிறகு எழுந்து போய் அம்மாவின் மடியில் தலை வைத்துக்கொண்டது. அவர் அதன் தலையைத் தடவிக்கொண்டே எனக்குச் சொல்வதுபோல் ஸ்பீக்கருக்குச் சொன்னார்: "இனிமே அது மாமா. இந்த வீட்டுல அம்மா நான் ஒருத்திதான்."

எங்கள் வீட்டுக் கேமரா

மற்றவர்கள் கதையைச் சொல்லிவிட்டு என்னுடையதை மறைத்தால் நியாயமில்லை. அம்மா போன பிறகு அப்பா காவேரிப்பட்டணத்தில் தனியாகத்தான் இருக்கிறார். என் அண்ணன் சேவியர் புனேயில் இன்ஜினியர். அவன் ஒரு கேமரா வாங்கி அனுப்பினான். முற்றமும் கூடமும் தெரிகிற மாதிரி அதை மாட்டியது நான். அதன் வழியாகப் பேசவும் செய்யலாம். தினமும் காலையில் சுவரிலிருந்து அண்ணன் குரல் வரும்: "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" அப்பா சுவரைப் பார்த்துச் சிரிப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கறியும் மருந்தும் வாங்கிக்கொண்டு போனால், "இரு, பெரியவன் வர்ற நேரம்" என்று நாற்காலியைக் கேமரா பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். எனக்கு அவர் முதுகுதான் தெரியும். அந்தக் கேமராவைக் கழற்ற என் கை எத்தனையோ தடவை துறுதுறுத்திருக்கிறது.

ஒரு மத்தியானம் முற்றத்தில் துணி துவைக்கும் கல் பக்கத்தில் அப்பா வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கேமராவில் பார்த்த அண்ணன் அலறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். நான் கிருஷ்ணகிரியில் ஏணி மேல் இருந்தேன். ஏணியை அப்படியே போட்டுவிட்டு, வழியெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு வண்டியை ஓட்டினேன். கேட்டைத் திறக்கும்போதே அண்ணன் குரல் கேட்டது: "பயப்படாதீங்கப்பா, அசையாம படுத்திருங்க, தம்பி வந்துக்கினே இருக்கான்." நான் போய்ச் சேரும்வரை அவன் பேச்சை நிறுத்தவே இல்லை. அப்பாவும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தார்.

இடுப்பு எலும்பில் முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கி உட்காரவைத்ததும், குளிப்பாட்டியதும், கஞ்சி ஊட்டியதும் நான். பார்க்க வந்த பங்குச் சாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, "இவர்தான் உங்களைக் காப்பாத்துன மகனா?" என்று கேட்டார். அப்பா அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். "இல்லீங்க சாமி, காப்பாத்துனது புனேல இருக்கிற பெரியவன். இவன் சின்னவன், வண்டி ஓட்டிக்கினு வந்தான்."

அந்தக் கேமரா என்றைக்காவது பழுதானால் பெரியவனால் ஒன்றும் செய்ய முடியாது, என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும் என்பதே இப்போதைக்கு எனக்கிருக்கும் ஒரே ஆறுதல்.