சிப்புக்குச் சந்தனம் வைத்த தம்பி

சாவகச்சேரியில் பிறந்து கனடாவின் மல்வேர்னில் கண்மூடிய என் தம்பியைப் பற்றி, அவருக்கு மூத்தவள் நான்தான் எழுதவேண்டும். வேறு யார் எழுதினாலும் எனக்கு மனம் ஆறாது.

தம்பிக்குச் சிறுவயதிலேயே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பாடும் நின்றபடிதான். தொண்ணூறாம் ஆண்டு கனடா வந்து என் வீட்டில் தங்கி, கொம்பியூட்டருக்குள் இருக்கும் பச்சை அட்டைகளில் சிப் பொருத்தும் தொழிற்சாலையில் சேர்ந்தார். எங்கள் உடம்பில் இருக்கும் மின்சாரம் பட்டாலே சிப் பழுதாகுமாம். அதனால் மணிக்கட்டில் ஒரு வயரைக் கட்டி மேசையோடு இணைத்துவிடுவார்கள். தம்பி அதை மறந்து எழும்பி ஓடுவார், வயர் இழுக்கும். "அண்ணை, கட்டை அவிட்டுப்போட்டு ஓடுங்கோ" என்று கூட வேலைசெய்யும் பெடியள் சிரிப்பார்களாம்.

"அக்கா, முந்தி ஒரு அறை முழுக்க நிண்ட மெசின் இப்ப நகத்தளவு சிப்புக்குள்ள நிக்குது" என்பார்.

"மெசினே அடங்கிப்போச்சு. நீ எப்பதான்ரா அடங்கப்போறாய்?" என்பேன்.

கொழும்பில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிட இந்த வேலை நிலைக்கவேண்டும். அந்த நினைப்பே அவரை உலைத்தது.

ஒரு விஜயதசமி. தொழில் சாமானுக்குச் சந்தனம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். தம்பி சிமிழில் சந்தனம் கொண்டுபோய், தன் மேசையில் இருந்த ஒவ்வொரு அட்டையிலும் பெரிய சிப்பின்மேல் பொட்டு வைத்துவிட்டார். ஈரச் சந்தனம். சோதிக்கிற இடத்தில் பிடித்துவிட்டார்கள். யார் செய்தது என்று சூப்பர்வைசர் கேட்டபோது தமிழர் பலர் அங்கே நின்றார்கள். தம்பி தயங்காமல் "நான்தான்" என்றார். பொய் சொல்லிப் பிழைத்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வீட்டுக்குப் போ, போன் பண்ணுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். போனுக்கும் ஜன்னலுக்குமாக நடந்து நடந்து என் தலையைச் சுற்றவைத்தார். போன் அடித்தது. கொழும்பிலிருந்து மனைவி.

"ஏன், வேலைக்குப் போகேல்லையே?"

"இண்டைக்கு லீவு."

அந்த ஒன்றை மட்டும் நான் பொறுத்துக்கொண்டேன்.

மற்ற நாள், அவருக்குப் பக்கத்து மேசையில் வேலைசெய்யும் சீனப் பெண்மணி போன் பண்ணினார். அவரும் பெடியளும் வேலை முடிந்தபின் நின்று, அட்டைகள் முழுவதையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் பழுதில்லையாம். சந்தனத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்லி சூப்பர்வைசர் சொன்னாராம்.

குடும்பம் வந்திறங்கிய அன்று பிள்ளைகள் இருவரும் அவர் தோளில் சாய்ந்து உறங்கிப்போனார்கள். "கை விறைக்குது அக்கா, எண்டாலும் அசையேலாது" என்றார்.

நாலு மாரி, நாலே வருடம், அவர்களோடு வாழ்ந்தார். பிறகு நெஞ்சுவலி வந்தது. இரண்டாம் முறை தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களுக்கும், செத்தவீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. அன்று வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று துடைத்தவர்களே, உங்களில் பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகள் தகப்பனோடு இருந்த காலம் நீங்கள் கொடுத்தது.